மரத்துப்போன கையைப் பிடித்தவர்

இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை. என் வலது கட்டைவிரலின் அடியில் இரண்டு அங்குலத் தழும்பு இருக்கிறது. ஆபரேஷன் தேதியும் நேரமும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சாகியிருக்கின்றன. அதில் இல்லாததைத்தான் இங்கே சொல்கிறேன். நடுராத்திரி, நாய் ஊளை எல்லாம் இதில் வராது. இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் ஒரு சின்ன எலும்பு ஆஸ்பத்திரியில்.

என் பெயர் ஸ்ரீவித்யா. சேலையூரில் வீடு. போன வருடம் மழையில் முடிச்சூர் ரோட்டுப் பள்ளம் ஒன்றில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். ஹேண்டில்பார் கட்டைவிரலை வெளிப்பக்கமாக மடக்கிவிட்டது. சுளுக்குதானே என்று எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். வீக்கம் வடிந்தது. ஆனால் மூட்டு உறுதியாக நிற்கவில்லை. எதைப் பிடித்தாலும் விரல் தானாகப் பக்கவாட்டில் சரியும். சாவியைத் திருக முடியாது. பால் பாக்கெட் நழுவும். அதையெல்லாம் சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு காலை. எட்டு மாதக் குழந்தையான என் மகளைக் குளிப்பாட்டித் தூக்கினேன். கட்டைவிரல் சரிந்தது. குழந்தை வழுக்கினாள். துண்டோடு வாசலில் நின்ற என் கணவர் ஷ்யாம் எப்படித்தான் பாய்ந்து பிடித்தாரோ... தரைக்கும் அவள் தலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

அதன்பின் நான் அவளைத் தூக்கவே இல்லை. அவள் என்னைப் பார்த்துக் கைநீட்டி அழுவாள். நான் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஜவ்வு முழுசா அறுந்துடுச்சும்மா," என்றார் டாக்டர் கதிரேசன். "மணிக்கட்டுலேர்ந்து ஒரு தசைநார் எடுத்து, எலும்புல ஓட்டை போட்டுக் கோத்து மூட்டை இறுக்கிடலாம். உள்ள ஒரு கம்பி, மேல மாவுக்கட்டு. ஆறு வாரம்."

"என் குழந்தையைத் தூக்க முடியுமா டாக்டர்?"

"முடியும். ஆனா அந்த ஆறு வாரம் மூட்டு அசையவே கூடாது. அசைஞ்சா பிஞ்சு போயிடும். இன்னொரு தடவை பண்ணா இப்படி வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

செவ்வாய் காலை 11.20. கழுத்தெலும்புக்கு மேலே ஊசி போட்டார்கள். முழு மயக்கம் இல்லை, கை மட்டும் மரத்துப்போகும். 11.40க்கு வலது கை என்னுடையதாகவே இல்லை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை. விரலை அசைக்கச் சொன்னார். அசையவில்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைக் கட்டினார்கள்.

க்ர்ர்ர்ர்... எலும்பில் ஓட்டை போடும் சத்தம். பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

12.05 இருக்கும். யாரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சொரசொரப்பான உள்ளங்கை. ஈரம். ஆனாலும் அந்தப் பிடி எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

"தேங்க்ஸ் சிஸ்டர்," என்றேன்.

"எதுக்கு மேடம்?"

குரல் என் கால்மாட்டிலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தேன். இடது கை பக்கத்துப் பலகையில் கிடந்தது. அதில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் அருகே யாரும் இல்லை.

பிடித்திருந்தது என் வலது கையை.

துணிக்கு அந்தப்பக்கம், மரத்துப்போய்க் கிடந்த கையை.

"டாக்டர்... யாரோ என் கட்டைவிரலைப் பிடிச்சிருக்காங்க."

"வலிக்குதா?"

"வலி இல்ல. பிடி மட்டும் தெரியுது."

"மருந்துல அப்படித் தோணும்மா. மூளை சும்மா எதையாவது சொல்லும். பயப்படாதீங்க."

நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்ய?

1.50க்கு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு கட்டில் அறை. பக்கத்துக் கட்டில் காலி. மாவுக்கட்டுப் போட்ட கையைத் துணித் தூளியில் வைத்து ஸ்டாண்டில் தொங்கவிட்டார்கள். மரப்பு ராத்திரி வரை இருக்கும் என்றார்கள். ஷ்யாம் மருந்து வாங்கக் கீழே போனார்.

தூரத்தில் மின்சார ரயிலின் ஹாரன். சுவர்க் கடிகாரத்தில் 2.25.

டீசல் வாசனை வந்தது. கூடவே ஈரக் கயிற்றின் நாற்றம்.

பிறகு... அந்தப் பிடி.

இந்த முறை ஆறுதலாக இல்லை. மாவுக்கட்டுக்கு உள்ளே, தோலோடு ஒட்டி, என் கட்டைவிரலைச் சுற்றி இறுகியது. இழுத்தது.

தூளி ஆடியது.

என் கையை நான் அசைக்கவில்லை. என்னால் அசைக்கவும் முடியாது. ஆனால் அது மெல்ல எழும்பியது... காலிக் கட்டில் பக்கமாக.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

மூட்டு அசையக் கூடாது. அசையவே கூடாது...

இடது கையால் மாவுக்கட்டைப் பிடித்து இழுத்தேன். குளுக்கோஸ் ஊசி பிய்ந்து ரத்தம் வழிந்தது. அந்தப் பக்கம் பலம் அதிகம்.

"விட்டுடு... கெஞ்சிக் கேக்கறேன். என் குழந்தைக்கு எட்டு மாசம். என்னால தூக்க முடியல. இந்த விரல் போச்சுன்னா எனக்கு வேற வழியில்ல... விட்டுடு..."

பிடி நின்றது.

இழுக்கவும் இல்லை. விடவும் இல்லை. யோசிப்பது மாதிரி...

பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரிந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

ஐந்தாவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஐந்தாவது இல்லை.

மணி 2.31. வார்டு ஆயா மஹாலட்சுமி அக்கா உள்ளே வந்தார். "அய்யோ, இன்னா மேடம் இது? பெட்டெல்லாம் ரத்தமா கீது!" என்று ஓடிவந்து என் இடது கையைத் தூக்கிப் பிடித்தார். நான் காலிக் கட்டிலைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வேகமாக நர்ஸைக் கூப்பிடப் போனார்.

ஷ்யாமிடம் சொன்னேன். மருந்து வேகம் என்றார். அன்று மாலை டாக்டரைக் கெஞ்சி இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வைத்தேன். கம்பி நேராக இருந்தது. அடுத்த ஆறு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. அந்தப் பிடி திரும்ப வரவே இல்லை.

கட்டைப் பிரித்துக் கம்பியை எடுத்தார்கள். டாக்டர் கட்டைவிரலை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். மூட்டு அசங்கவில்லை. பயிற்சி ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து என் மகளைத் தூக்கினேன். அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து அவளும் அழுதாள்.

கடைசி செக்கப்புக்குப் போன அன்று மஹாலட்சுமி அக்காவை மாடிப்படியில் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பக்கத்து பெட்ல யாருக்கா இருந்தாங்க?"

சுற்றும் முற்றும் பார்த்தார்.

"உங்க ஆப்ரேசனுக்கு மொத நாளு, திங்கக்கெழம. கோவளம் பக்கத்துலேர்ந்து ஒருத்தர இட்டாந்தாங்கோ. பேரு துரை. போட்ல வலை இழுக்கற மெஷின் கயிறு சுத்திகினு கட்டவெரலு பூடுச்சி. தேடிப் பாத்தாங்களாம், கடல்ல எங்க கெடைக்கும்? ஆப்ரேசனுக்கு ரெடியா படுத்துகினு இருந்தாரு. அதுக்குள்ள நெஞ்சு வலி. போய்ட்டாரு."

நான் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசி வரிக்கும் வெரலு வெரலுன்னு தான் சொல்லிகினு இருந்தாரு மேடம். அவரு சம்சாரம் பொன்னி பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போயிருந்துச்சி. அப்போ கொழந்தை பொறந்து பதினோரு நாளு. இவரு இன்னும் போய் தூக்கலையாம்."