பதினேழு கீது

நாவலூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் எதிர்வீட்டுப் பெண் பி.எட். படிக்கிறாள். போன வாரம் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, நான் பாடம் நடத்துறேன், போன்ல வீடியோ எடுத்துக் குடுங்களேன். காலேஜுக்கு அனுப்பணும். என் முகம் நல்லா தெரிஞ்சாப் போதும்" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். என் கை நடுங்கியதில் படமும் நடுங்கியது. "பரவால்ல ஆன்ட்டி, வயசாச்சில்ல" என்று சமாதானம் வேறு. வயசெல்லாம் காரணமில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

செங்கல்பட்டில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. அங்கே ஒரு வீடியோ கேமரா இருந்தது, தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும் பெரிய சாமான். பையைத் திறந்தால் அந்துருண்டை வாசனை தூக்கும். பட்டுப்புடவை என்று நினைத்து யாரோ போட்டிருக்க வேண்டும். அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான், அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. மாணவிகள் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்துவார்கள். வகுப்பின் கடைசியில் நின்று நான் படம் பிடிப்பேன். மறுநாள் எல்லாரையும் உட்கார வைத்து டிவியில் போட்டுக் காட்டித் தப்பு திருத்துவேன். இருந்தது மூன்றே கேசட். அதனால் பழைய பாடத்தின் மேலேயே புதுப் பாடத்தைப் பதிவோம்.

தப்பு என்றால் முக்கியமாகப் பேச்சுத் தப்பு. நான் திருநெல்வேலிக்காரி. வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்தவள். அவசரத்தில் எனக்கே வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும். அதைக் கேட்டு எல்லாரும் "எவ்ளோ அழகா பேசுறீங்க மேடம்" என்பார்கள். இந்த ஊர்க்காரர்களின் பேச்சை மட்டும் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அஞ்சலை அந்த வருஷ மாணவி. கருங்குழிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நெல் பயிரிடும் குடும்பம். அந்த வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். தேர்ச்சி பெற்றால் டீச்சர், இல்லையென்றால் அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவளுக்குப் பயிற்சிப் பள்ளி மாமல்லபுரம் தாண்டிக் கடலோரத்தில் விழுந்தது. மூன்றாம் வகுப்பு, தண்ணீர் ஆவியாதல் பாடம்.

கரும்பலகைப் பக்கம் திரும்பாமலே ஆரம்பித்தாள். "கடல்ல குளிச்சிட்டு வர்றீங்க. கொஞ்ச நேரத்துல கை காஞ்சிடுது. அப்போ கைமேல வெள்ளையா இன்னா கீது?"

"உப்பு!" என்று கூரை அதிர்ந்தது.

"உப்பு அங்கியே கீது. அப்போ தண்ணி எங்க பூட்ச்சி?"

பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டன. "காத்துல டீச்சர்!" "வெயிலு குட்ச்சிடுச்சி டீச்சர்!" எனக்கோ எரிச்சலான எரிச்சல். எழுந்த தலைகளெல்லாம் கேமராவை மறைத்தன. "உக்காருங்க, உக்காருங்க, மறைக்குது" என்று பின்னாலிருந்து நான் அதட்டினேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. கேமராவுக்குத் தெரிந்தது பின்னந்தலைகள்தான், எனக்கும் அவ்வளவுதான்.

மறுநாள் கேசட்டைப் போட்டேன். ஒவ்வொரு 'கீது'வுக்கும் படத்தை நிறுத்திப் பலகையில் ஒரு கோடு போட்டேன். நிறுத்தினால் அஞ்சலை பாதி திறந்த வாயோடு திரையில் நடுங்கிக்கொண்டு நிற்பாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஐந்தாவது கோட்டுக்கு மேல் அவர்களே முந்திக்கொண்டு எண்ணினார்கள். மொத்தம் பதினேழு. எண்ணி முடித்து நானும் சிரித்தேன், பாவி.

அஞ்சலை எழுந்து நின்றாள். கண் கலங்கவில்லை. "மேடம், பசங்க பதில் சொல்ற எடத்த இன்னொரு தபா போடுங்களேன். அதுல ஒரு பொண்ணு, இத்தினி நாளா வாயே தொறக்காதுன்னாங்க. நேத்து பேசுச்சி மேடம்."

"நேரமில்ல. நீ திரும்ப நடத்து, அதையும் எடுக்குறேன்" என்றேன்.

ஒரு வாரத்தில் திரும்ப நடத்தினாள். முழுப் பாடத்தையும் எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். 'நீர் எங்கே சென்றது?' என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவளே சொன்னாள். பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்திருந்தன. ஒரு தலையும் மறைக்கவில்லை, படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதே கேசட்டில், பழைய பாடத்தின் மேலேயே பதிந்தேன். குறிப்பேட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி முழு மதிப்பெண் போட்டேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. கல்யாணமும் அவள் விருப்பப்படிதான் நடந்தது என்று கேள்விப்பட்டேன். எனக்குத்தான் போகப் போக உறுத்தியது. வேறு வகுப்புகளில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பெண் குழந்தை அன்றைக்கு என்னதான் சொல்லியிருக்கும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

ஓய்வு பெறும் வருஷம் மாமல்லபுரத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம். பயிற்சி தரும் கருத்தாளராக வந்து மேடையில் நின்றவள் அஞ்சலை! இடைவேளையில் மன்னிப்புக் கேட்கத்தான் கிட்டே போனேன். வாயைத் திறக்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் மட்டும் அன்றைக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டவில்லை என்றால் நான் திருந்தியிருக்கவே மாட்டேன், மேடம். இப்போது என் ஆசிரியர்களுக்கும் நான் அப்படித்தான் வீடியோ போட்டுக் காட்டுகிறேன்."

அந்த நன்றியை எங்கே வைப்பது? கேட்க வந்த மன்னிப்பை நான் கேட்கவில்லை. அதற்குள் அவள் போன் அடித்தது. ஒரு கையில் கோப்புகள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். ஊரிலிருந்து அவள் அம்மா.

"அஞ்சல, சோறு துன்னியா? எப்பம்மா வூட்டுக்கு வர? ஒனக்குன்னு கருவாட்டுக் கொழம்பு வச்சிகினு கீறேன்."

"சாப்பிட்டுவிட்டேன் அம்மா. ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்."



"சரிங்க டீச்சர்" என்று அந்தம்மா போனை வைத்துவிட்டார்.