ராடரில் தெரியாத விமானமும் என் அக்காவும்

இந்த ஊரில் விமானம் பார்ப்பதற்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. மொன்றியல் விமான நிலைய வேலிக்குப் பக்கத்தில், உட்கார்ந்து பார்க்க வாங்குகள் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பிள்ளைகளோடு கோப்பியும் டோனட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்து, தலைக்கு மேலால் தாழ்ந்து வருகிற விமானங்களுக்குக் கை காட்டுகிறது. வந்த புதிதில் என் கணவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். முதல் விமானம் பதிந்து வந்தபோது நான் புல்லில் குப்புற விழுந்து கிடந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், என் கொன்டாக்ட் லென்ஸ் விழுந்துவிட்டது என்று நினைத்தாள் போல, தானும் முழங்காலில் இருந்து புல்லைத் துழாவத் தொடங்கினாள். விளங்கப்படுத்த எனக்குப் பிரெஞ்சு இருக்கவில்லை. அதனால் நானும் அவளோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தேடினேன்.

அப்படி விழுந்தவள்தான் இப்போது பதினாறு வருடமாக சென்ட் லோரன்டில் விமானத்துக்குப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். முன்பு வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடியபோது, துணி வெட்டத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று இங்கே கேட்டார்கள். விமானத்துக்கு ஏன் துணி என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். கார்பன் நாரில் நெய்த கறுப்புத் துணியைப் படைபடையாக அடுக்கி, பிசின் ஏற்றி, ஒரு வீடே கொள்ளக்கூடிய அடுப்பில் வேகவைத்தால் இரும்பு மாதிரிப் பலகை வரும். என் வேலை அடுப்புக்குப் பிறகு. பலகையை விரல் நுனியால் தடவி, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தைக் கண்டுபிடித்து மஞ்சள் பென்சிலால் வட்டம் போட வேண்டும். மெசின் தவறவிட்டதையும் என் விரல் பிடிக்கும். சொந்தப் புகழ்தான், ஆனால் உண்மை. எல்லாம் பயணிகள் விமானத்துக்கு என்பதால் மனதில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஊருக்குப் போகிறவர்களிடம், "நான் தடவின விமானத்திலதான் போறியள், பயப்படாதேங்கோ" என்று பகிடி விடுவேன்.

பிறகு புதிய ஓடர் ஒன்று வந்தது. எங்கள் பக்கத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினார்கள். கைத்தொலைபேசியை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். பிறந்த நாடு, வெளிநாட்டில் இருக்கிற உறவினர் என்று பக்கம் பக்கமாகக் கேட்ட பத்திரத்தில் அக்காவின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். பலகைகளுக்கு இலக்கம் மட்டும்தான், எந்த விமானத்துக்கு என்று இல்லை. விளிம்புகளில் தலைமயிர் அளவு பிசிறும் இருக்கக்கூடாது என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் புதிய குண்டு விமானம் ஒன்றை உலகத்துக்குக் காட்டுகிறார்கள், தொலைக்காட்சியில் நேரடியாகப் போகிறது. எங்கள் பகுதியை மேற்பார்க்கிற போர்மன் ஜில் கேக் வாங்கி வைத்திருந்தார். இசை, வெளிச்சம் எல்லாம் முடிந்து துணியை இழுத்தபோது, திருக்கை மீன் மாதிரிச் சப்பையாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. அதை முன்பக்கத்தால் மட்டும் காட்டினார்கள், பின்பக்கம் யாரும் பார்க்கக்கூடாதாம். இது ராடரில் தெரியாது, வருவது ஒருவருக்கும் தெரியாது என்று அறிவிப்பாளர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜில் என் பக்கம் குனிந்து, "நான் ஒன்றும் சொல்லவில்லை மடாம், அந்த விளிம்பை மட்டும் பார்" என்று கண்ணடித்தார். நான் தடவின பலகை அதில் இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் அன்றைக்கு நானும் கை தட்டினேன்.

யாழ்ப்பாணத்தில் எங்களிடம் ராடர் இருக்கவில்லை, காது இருந்தது. ஹெலியா, பீப்பாய்க் குண்டு உருட்டிவிடுகிற சகடையா, பாய்ந்து வந்து குண்டு போடுகிற பொம்மரா என்று சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்வோம். நாய் முதலில் பங்கர்க் குழிக்குள் போகும், பின்னால் நாங்கள். சத்தம் கேட்டால் ஓடுவதற்கு ஒரு நிமிடமாவது கிடைக்கும். அந்த நிமிடத்தால் தப்பினவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அக்காவின் கணவருக்கு, என் அத்தானுக்கு, அது கிடைக்கவில்லை. அவர் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இறைக்கிற மெசின் பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் பங்கருக்குள் இருந்து கூப்பிட்டோம், அக்கா தொண்டை கிழியக் கூப்பிட்டார். அத்தானுக்கு எங்கள் குரலும் கேட்கவில்லை, பொம்மரும் கேட்கவில்லை. வாய்க்கால் கட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. அக்கா அதற்குப் பிறகு அரசாங்கத்தையோ விமானியையோ திட்டி நான் கேட்டதில்லை. அந்த மெசின் மட்டும் ஓடாமல் இருந்திருந்தால் என்பதுதான் இத்தனை வருடமாக அவருடைய ஒரே கதை.

இந்த வேலையைப் பற்றி அக்காவுக்குத் தெரியக்கூடாது. கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான். அடுத்த நாள் ஜில்லிடம் போய், பயணிகள் விமானப் பக்கத்துக்கே என்னை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன். என் பிரெஞ்சு தையல் தொழிற்சாலைப் பிரெஞ்சு. என்றாலும் இதை வீட்டில் சொல்லிப் பார்த்துத்தான் போனேன். "என் அக்காவின் கணவர் தோட்டத்தில் நின்றபோது குண்டு விமானத்தால் செத்தவர்" என்றேன். ஜில் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்படியென்றால் இந்த வேலையின் அருமை உனக்குத்தான் தெரியும் மடாம்" என்றார். "இது பழைய விமானங்கள் மாதிரி இல்லை. குறி வைத்ததை மட்டும்தான் அடிக்கும், தோட்டக்காரனை அடிக்காது. உங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருப்பார்."

அந்தக் கடைசி வசனம் ஒரு கணம் எனக்கு இனித்தது. அதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். பயணிகள் விமானப் பக்கத்தைக் கோடையோடு மூடப் போகிறார்கள் என்பதையும் அவர் அப்போதுதான் சொன்னார். நான் விலகக் கேட்டதை, செத்தவருக்கு மரியாதை கேட்டதாக எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து படம் எடுத்தபோது என்னை முன்வரிசையில் நடுவில் நிறுத்தி, இவருடைய குடும்பம் போரில் ஒருவரை இழந்தது, அதனால்தான் வேலையில் இவ்வளவு கவனம் என்று தொழிற்சாலைப் பெரியவர்களுக்கு அறிமுகம் செய்தார். அவர்கள் கை கொடுத்தார்கள். நான் பல் தெரியச் சிரித்தேன்.

படத்தை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். அன்று பின்னேரமே என் கணவர் அதைக் கைத்தொலைபேசியில் பிடித்து, "பொம்மர் செய்யிற என்ர மனுசி" என்று எழுதி எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்.

"இஞ்சாருங்கோ, அக்காவும் அதில இருக்கிறா எண்டு தெரியாதோ? ஏன் போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"பெருமையில போட்டிட்டனப்பா" என்றார். பிறகு, "இந்த வயசில ஆர் உமக்கு வேற வேலை தரப்போகினம்? நீர் தடவாட்டில் இன்னொருத்தி தடவுவாள்" என்றார். அவர் அழித்தபோது இருபத்தைந்து பேர் பார்த்து முடிந்திருந்தது, பாதிப் பேர் வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள். அக்கா ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல அக்கா யாழ்ப்பாணத்தில் இருந்து தொலைபேசி எடுத்தார். அங்கே அப்போது பின்னேர விளக்கு வைத்து முடிந்திருக்கும்.

"படம் பாத்தன் பிள்ளை. நல்லா மெலிஞ்சு போனாய்."

"ஓம் அக்கா."

"பொம்மரோ செய்யிறாய்?"

"முழுக்க இல்லை அக்கா. ஒரு துண்டு. அதுவும் அதுக்குத்தானோ எண்டு எங்களுக்குச் சொல்ல மாட்டினம்."

திட்டினால் நல்லது என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

"சத்தம் கேக்குமோ?" என்று கேட்டார்.

"என்ன அக்கா?"

"அது வரேக்க, கீழ நிக்கிற ஆக்களுக்குக் கேக்குமோ எண்டு கேக்கிறன்."

"கேக்கும் அக்கா. நல்லாக் கேக்கும்."

"அப்பச் சரி. ஓடலாம்" என்றார். பிறகு இங்கே பனி விட்டுவிட்டதா, என் கணவருக்கு இரத்தத்தில் சீனி எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் பலகை வந்தது. மேலிருந்து கீழாகத் தடவினேன், திரும்பவும் தடவினேன். எங்கேயாவது ஒரு பிசிறு, ஒரு பள்ளம் அகப்பட வேண்டும் என்று இந்தப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன். என் காது யாழ்ப்பாணத்தில் அந்தத் தண்ணீர் இறைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்றது, கை மொன்றியலில் தன் வேலையைப் பார்த்தது. பலகையில் ஒரு குறையும் இல்லை. சரி என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளினேன்.