ஆயிரம் மடங்கு

ஐசி என்னும் குட்டி எலக்ட்ரானிக் சில்லின் முதுகில் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "சுடல... நல்ல பிள்ளை" என்கிறார் லிஃப்ட் மெக்கானிக். காய்ச்சல் பார்ப்பதுபோல எதன்மேலும் கை வைப்பது அவர் வழக்கம். ஃப்ரிட்ஜுக்கும் வைப்பார், பக்கத்து வீட்டு நாய்க்கும் வைப்பார். நாய் ஒருமுறை கடித்தும் மனிதர் திருந்தவில்லை. சட்டைப் பையில் எட்டுக்கால் ஐசி ஒன்றிரண்டு எப்போதும் கிடக்கும். துவைக்கும்போது மனைவியின் விரலில் அவை குத்தாத வாரம் கிடையாது.

குத்தினாலும் அந்த அம்மாள் கத்த மாட்டார். நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த தொண்டை அது. போன மாதம் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து நின்று, "மொட்டை மாடியப் பூட்டாதீங்க, என் செடியெல்லாம் அங்கதான் இருக்கு" என்று சொன்னார். 'மௌனமாக ஆமோதித்தார்' என்று மினிட்ஸ் நோட்டில் எழுதிவிட்டார் செயலாளர். அடப்பாவி! வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. தோற்றால் அறுபது தொட்டியும் கீழே இறங்க வேண்டும். அவர்கள் வீட்டிலோ வெயிலைக் கண்ட ஜன்னல் ஒன்றுகூட இல்லை.

"நீ கவலைப்படாத. மைக்குக்கு நானே ஆம்ப்ளிஃபையர் பண்றேன்" என்று உட்கார்ந்துவிட்டார் மெக்கானிக். ஒரு குட்டி மைக், ஒரு ஐசி, ஒன்பது வோல்ட் பேட்டரி. சத்தம் எத்தனை மடங்கு பெருக வேண்டும் என்பதை இரண்டே ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கும். நூறு மடங்கே தாராளம். இவர் ஆயிரத்துக்கு மாட்டினார்.

"ஏங்க, அவ்வளவு வேணுமா?"

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"பாத்தியா, அதுக்குத்தான் ஆயிரம்!"

ஞாயிறு காலை கூட்ட அறையில் ஸ்பீக்கரை இணைத்ததும் 'கீ' என்று ஓர் அலறல். முன்வரிசை மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. "மைக் ஸ்பீக்கருக்குக் கிட்ட இருக்கு, அவ்வளவுதான், பயப்படாதீங்க" என்று மெக்கானிக் மைக்கைத் தள்ளித் தள்ளி, மேஜையின் மறுகோடியில், செயலாளரின் டம்ளருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அலறல் நின்றது. பேச வேண்டிய மனைவி இந்தக் கோடியில் நிற்கிறார் என்பதுதான் மறந்தே போய்விட்டது.

மைக் வஞ்சனையில்லாமல் உழைத்தது. செயலாளர் தண்ணீர் குடித்த மடக் மடக், பேனா மூடியைத் திறந்த டக், அப்புறம் அவர் வயிறு உறுமியது, எல்லாமே அறை முழுக்க முழங்கின. யாருடைய வயிறோ என்று அவரே பின்னால் திரும்பி முறைத்தார். பிறகு பொருளாளரின் காதருகே குனிந்தார்.

"பேசட்டும் விடுங்க. அந்தம்மா சொல்றது எவனுக்குக் கேக்கப் போகுது? போன தடவ மாதிரியே எழுதிட்டாப் போச்சு."

ஸ்பீக்கர் அதை ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தது. செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை விழுங்கிக்கொண்டார்.

அந்த நிசப்தத்தில் மனைவி வாயைத் திறந்தார். "என் செடிங்க அங்கதான் இருக்கு. தயவுசெஞ்சு பூட்டாதீங்க." அதே நூலகக் குரல்தான். கடைசி வரிசைவரை தலைகள் அசைந்தன.

மெக்கானிக் மெல்லக் குனிந்து, சத்தம் வராமல் பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.