நாற்பதாவது வரி

ஊரப்பாக்கத்தில் என் வாடகைக் காரில் ஏறிய அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். லேப்டாப் திரையில் விரலை வைத்துக்கொண்டு அதனோடு பேசிக்கொண்டே வந்தார். கேளம்பாக்கம் தாண்டியதும், "நில்லுன்னா நிக்க மாட்டியா?" என்று அதட்டினார். நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"ஐயோ, உங்கள இல்லண்ணா! புரோகிராம சொன்னேன். நீங்களாவது நின்னீங்க. அத நாப்பதாவது வரியில நிறுத்தி தப்ப தேடணும். அது நாப்பத்தாறுல போயி நிக்குது. மூணு நாளா பேஜாரு, எனக்குத்தான் மூள இல்லபோல. கோவளம் மீட்டிங்குக்குள்ள கண்டுபிடிக்கலன்னா இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

நான் ஐந்தாவதுதான் படித்தவன். புதியவர்களிடம் பேச்சும் வராது. ஆனாலும் கேட்டேன்: "இதான் நாப்பதாவது வரின்னு அதுக்கு யாரு மேடம் சொல்றது?"

"நான் எழுதறத மிஷினுக்குப் புரியறாப்பல மாத்துதே, கம்பைலர், அதுதான் குறிப்பு எழுதி வைக்கும். வேகமா ஓடட்டும்னு வரிங்கள மாத்தி அடுக்கும்போது அந்தக் குறிப்புல வரி நம்பரு தப்பாப் போயி..."

பாதியில் பேச்சை விட்டார். வேகத்துக்கான செட்டிங்கை எடுத்துவிட்டு புரோகிராமை மறுபடி ஓட்டினார்.

"நாப்பதுலயே நின்னுடுச்சுண்ணா! தப்பும் தெரிஞ்சிடுச்சு!"

கண்ணாடியில் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். உடனே டப்பாவைத் திறந்து இட்லியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்.

"மெதுவா துன்னுங்க மேடம், டைம் கீது" என்றேன்.

மூன்று நாளும் தன்னையே சந்தேகப்பட்டவருக்கு, அந்தக் குறிப்பைச் சந்தேகிக்க ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.