ஸ்டெல்லா மேடம் விற்காத குறிப்புகள்

ஒரகடம் சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது: ஸ்டெல்லா மேடம் இன்று காலை காலமானார். குழுவில் வருவதை எல்லாம் நம்பாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லி அலுத்தவர் அவர். அதனால் அவர் எண்ணுக்கே அழைத்தேன். கணவர் எடுத்தார். "உண்மதான் சார். நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள…"

வல்லம் வடகாலுக்கு அருகே எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில், மின்பணிப் பிரிவில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் ஒன்றாகப் பாடம் எடுத்தோம். அவருடைய குறிப்புகளை, அவரிடம் படித்த உங்களில் பலர் நகலெடுத்து வைத்திருப்பீர்கள். மோட்டாரில் கை வைக்கும் முன் எந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தாமே வரைந்த படங்களோடு எளிய தமிழில் எழுதியிருந்தார்.

அவற்றை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கலாம் என்றேன். சம்மதித்தார். கோப்புகளைப் பகிரும் பெரிய தளம் ஒன்றைக் காட்டினேன். அதன் விதிமுறைகளை வரி விடாமல் படித்தார். "எல்லாம் ஃப்ரீன்றான். அப்பறம் படிக்க வர்றவங்க போன் நம்பர் இவனுக்கு இன்னாத்துக்கு சார்?"

இன்னொரு தளத்தில் பாடத்தின் நடுவே கடன் விளம்பரம் வந்தது. வேறொன்றில், ஏற்றிய கோப்பை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. எல்லாவற்றையும் தள்ளினார். எனக்குச் சந்தேகம் வந்தது. தளங்கள் மீதல்ல, அவர் மீது. கொடுக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் அவரைக் கேட்காமலே, அவர் பெயரில், அந்தப் பெரிய தளத்தில் குறிப்புகளை ஏற்றிவிட்டேன்.

சில மாதம் கழித்து, சுங்குவார்சத்திரம் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி அவரை அழைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், ஆசிரியர் அறையில் எல்லாரும் இருந்தோம். ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸ், உங்க நோட்ஸ் மூணு பக்கந்தான் தெரியுது. மீதிக்குக் கார்டு நம்பர் கேக்குது. காசுக்கா போட்டீங்க?"

"நான் போடலம்மா" என்றார். அறையில் யாரும் அதை நம்பியதாகத் தெரியவில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா குறிப்புகளை விற்கிறார் என்ற பேச்சு மாலைக்குள் வளாகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு வாரம் கழித்துத்தான் அவர் முன்னால் போய் நின்றேன். "மேடம், அது…"

"தெரியும் சார். அந்த ஃபைல உங்களுக்கு மட்டுந்தான அனுப்புனேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நாலு பேர் நடுவுல உங்கள எப்படி விட்டுக்குடுக்கிறது? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். உக்காருங்க, மொதல்ல அத எறக்குவோம்."

அந்த நிறுவனத்துக்குப் பலமுறை எழுதிய பிறகே கோப்பை நீக்கினார்கள். அதன் பின், லாபநோக்கில்லாத ஒரு பொது நூலகத் தளத்தைத் தேர்ந்தெடுத்து, குறிப்புகளை அதில் ஏற்றினார். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கைப்பேசியை வாங்கி, எந்தக் கணக்கும் இல்லாமல் கடைசிப் பக்கம்வரை திறக்கிறதா என்று பார்த்தார். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று முதல் பக்கத்தில் எழுதினார். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. "இவனும் ஒருநாள் கதவ மூடுவான் சார்" என்று சொல்லி, வகுப்பில் எல்லாருக்கும் பென்டிரைவில் பிரதி கொடுத்தார்.

உண்மையை எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். "விடுங்க சார்" என்றார். அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். நேற்று அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தபோதும், "நோட்ஸ வித்தாங்களே, அவங்கதான?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

இல்லை. அவர் எதையும் விற்கவில்லை. ஏற்றியவன் நான். அவர் எனக்காகச் சுமந்த அந்தப் பழி இனி என்னுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.