சுந்தரபாண்டியத்துக் கிணற்றின் மே மாதம்

ஞானராஜ் லீவில் இருந்த வாரத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது.

ராஜபாளையத்துத் தண்ணீர்ப் பரிசோதனை லேப்பில் நான் கெமிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சுற்றி, கிணறு கிணறாக சாம்பிள் எடுத்து வருபவர் ஞானராஜ். "சம்பந்தி வீட்டுக்குப் போற மாதிரில்லா கெளம்புறீக!" என்று கேலி செய்வேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ரீடிங்குகள் சென்னை வழியாக வெளிநாட்டு டேட்டாபேஸ் ஒன்றுக்குப் போகத் தொடங்கின. எந்த நாட்டுக்காரரும் கம்ப்யூட்டரில் எங்கள் கிணறுகளைப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் இருவருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு ஜூலையில் அங்கிருந்து கேட்டிருந்தார்கள். சுந்தரபாண்டியத்துக் கிணற்றின் மே மாத நைட்ரேட் வழக்கத்தைவிட மூன்று மடங்கு. காரணம் சொல்லாவிட்டால் அந்த எண்ணை நீக்கிவிடுவார்கள். ஞானராஜோ மகள் கல்யாணத்துக்காக சேத்தூரில் இருந்தார்.

"பாட்டில் சரியாக் கழுவலன்னு எழுதி அனுப்பும்மா. சோலி முடிஞ்சுரும்," என்றார் ஆபீசர்.

சேத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். நான் போகவில்லை. எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த எண்ணை நீக்கிவிட்டார்கள்.

லீவு முடிந்து வந்தவர் ஃபைலில் அதைப் பார்த்துவிட்டார்.

"மூணு தடவ அலசாம நான் சாம்பிள் புடிப்பனா மேடம்?"

தன் ஃபீல்டு நோட்டைப் பிரித்து என் மேஜையில் வைத்தார். 'கோடை மழை. எருக்குழித் தண்ணீர் கிணற்றில் இறங்குகிறது' என்று எழுதியிருந்தது. நைட்ரேட் ஏறியதற்கு அந்த எருதான் காரணம். அனுப்பும் ஃபாரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. நானும் நோட்டைக் கேட்டுப் பார்த்ததில்லை.

"வெளிநாட்டுக்காரவியளுக்கு என்னயத் தெரியாது. ஒங்களுக்குமா தெரியாது?"

அன்றே திருத்தம் அனுப்பினேன். அந்த வருட டேட்டாவை முடித்தாயிற்று, இனி சேர்க்க முடியாது என்று பதில் வந்தது.

கிணற்றுக்காரரிடம் பேசி எருக்குழியைத் தள்ளி வைக்கச் செய்தவரும் ஞானராஜ்தான். பிறகு டிரான்ஸ்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து "வாரேன் மேடம்" என்று குரல் கொடுப்பவர், கடைசி நாள் சொல்லாமலே போனார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓர் எண்ணில் சந்தேகம் வந்தால், அதை எடுத்து வந்த ஆளை முதலில் கேளுங்கள். பஸ் ஏறிப் போயாவது கேளுங்கள்.

ரிட்டயரான பிறகும் அந்த டேட்டாபேஸைத் திறந்து பார்க்கிறேன். இன்னொரு தடவை அந்த "வாரேன் மேடம்" காதில் விழாதா என்று ஏங்குகிறது மனசு. ஏப்ரல் இருக்கிறது, ஜூன் இருக்கிறது, நடுவில் ஒரு கட்டம் காலி. காலியாக்கியது யார் என்று உலகத்தில் எவருக்கும் தெரியாது. ஞானராஜுக்குத் தெரியும்.