எல்லோரும் தொட்ட படம்

மக்கள் தொடர்பு நிறுவனமொன்றில் எனக்கு ஆய்வு வேலை. ஒரு பிரசாரம் தொடங்குமுன், விளம்பரப் பலகையில் யாருடைய முகம் வரவேண்டும், எந்த வசனம் எடுபடும் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வருபவள் நான். அலுவலகத்தில் ‘கேள்விக்காரி’ என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, சும்மா சொல்லக் கூடாது.

கடலுக்குப் போகிறவர்கள் உயிர்காப்பு அங்கி அணியவேண்டும் என்று ஒரு பிரசாரம் எடுத்திருந்தோம். அங்கி அணிந்த நான்கு மீனவர்களின் படங்களோடு கண்டக்குழி என்ற மீனவக் கிராமத்துக்குப் போனேன். சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. இந்த நால்வரில் யார் சொன்னால் நம்புவீர்கள்? அதுதான் கேள்வி. அதன் கீழே ‘ஏன்?’ என்று ஒரு வரி இருந்தது. ஆட்கள் கதையளந்து நேரத்தைத் தின்பார்கள் என்று நானே அதை வெட்டியிருந்தேன்.

முதல் வீட்டில் மூன்றாவது படத்தைத் தொட்டார்கள். அடுத்த வீட்டிலும் அதே. பத்து வீடு தாண்டியும் அதே மெலிந்த மனிதர், ஒரு பக்கம் கோணிய சிரிப்பு. மற்ற மூன்று படங்களையும் யாரும் பார்க்கவேயில்லை. தொட்ட விரலை உடனே எடுக்கவுமில்லை. ஒரு வயதானவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

“தெரிஞ்ச ஆளா, ஐயா?” என்றேன்.

“எங்கட ஆள்தான்” என்றார். அதற்குமேல் பேச்சில்லை. நான் நுழைந்த வளவெல்லாம் கதை சட்டென்று நின்றது. ஆனாலும், அடடா, இப்படியொரு முடிவு வேறு யாருக்குக் கிடைக்கும் என்று மனம் துள்ளியது. என்ன புத்தியோ!

கடைசி வீட்டில் ஏறக்குறைய என் வயதுப் பெண். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

“மூணு பேர் மிஸ். நான், மகள், அவர்.”

மூன்றாவது படத்தைக் கையில் எடுத்தாள். அங்கியின் மேல் விரலை ஓட்டினாள்.

“இது எப்ப எடுத்த படம் மிஸ்?”

எனக்கெங்கே தெரியும்? படப்பிடிப்பாளர் தந்ததை நான் கொண்டுவந்திருந்தேன், அவ்வளவுதான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இந்த வாய் சும்மா இருக்குமா?

“இப்ப கிட்டடியிலதான் அக்கா” என்றேன். அவள் முகம் மலர்ந்துபோனது.

அந்த மூன்றாவது முகத்தோடு பலகை கரையில் ஏறிய பிறகு, அது எடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் திரும்பிப் போனேன். அதன் முன்னால் ஒரு படகுகூட இல்லை. எல்லாவற்றையும் தூரத்தே இழுத்துவைத்திருந்தார்கள். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர்தான் வாய் திறந்தார்.

“அவர் கடலுக்குப் போய் ஒன்றரை வருஷம் மிஸ். உடம்பு கரைக்கு வரல்ல. அப்பிடி ஆள செத்துப்போனாரெண்டு நாங்க வாயால சொல்றதில்ல. பொஞ்சாதி இப்பதான் மனசத் தேத்தி, அவர்ட ஆத்துமத்துக்குப் பூசைக்குக் குடுத்திருந்தா. நீங்க வந்துபோனதும் நிப்பாட்டிட்டா. அவர் திரும்பி வரோணுமெண்டு தலவில கோயில் அன்னம்மாளுக்கு நேர்த்தி வச்சிருக்கா.”

நின்ற இடத்திலேயே படப்பிடிப்பாளருக்கு அழைப்பெடுத்தேன். படம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. கற்பிட்டியில் மீன் கொடுக்க வந்தவர்களை மறித்து எடுத்தாராம்.

அந்தக் கடைசி வீட்டுக்கு நடந்தேன். கொடியில் ஓர் ஆண்சேட்டு கழுவிக் காயப்போட்டிருந்தது. மேசையில் மூன்று பீங்கான்கள்.

“எங்கயோ ஒரு கரையில ஒதுங்கியிருக்கார் மிஸ். எங்கட வீட்டில லைஃப் ஜக்கெட் இருந்ததேயில்ல. படத்தில போட்டிருக்கார். அப்ப, போன பிறகுதானே எடுத்திருக்கு? எந்தக் கரையெண்டு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க.”

எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இவ்வளவு கவனமாகப் படம் பார்த்ததில்லை. அவள் கணக்கில் ஒரேயொரு பிழை, அதுவும் என் வாயிலிருந்து போனது.

சொன்னேன். படம் அவர் போவதற்கு முந்தியது. அங்கி எங்களுடையது, படத்துக்காக அணிவித்தது.

அவள் அழவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

“படம் எடுத்த பிறகு அந்த ஜக்கெட்ட என்ன செஞ்சீங்க?”

“திருப்பி எடுத்திட்டம் அக்கா.”

“அவர் போட்டிருந்தத, கழட்டியா?”

“ஓம்” என்றேன்.